யூனிஸ்பியர்: ஓர் உலக உருண்டை நகரத்தின் சின்னமானது எப்படி?

வாசகர் கேள்வி – ஏப்ரல் 6

நியூயார்க்கில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, குயின்ஸ் பகுதியில் உள்ள யூனிஸ்பியர் என்னும் எஃகு உருண்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். பெரிதாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் என்ன சிறப்பு என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளிகளில் வைத்திருக்கும் உலக உருண்டையையே பெரிதாக்கிப் பூங்காவில் நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் செய்து கொடுத்தது ஓர் எஃகு நிறுவனம். விளம்பரத்துக்காகச் செய்த பொருளை நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக எதற்காக அறிவித்தார்கள்? உலகத்தை உருண்டையாகக் காட்ட வேண்டும் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதானே? அந்த ஊரில் வசிப்பவர்கள் விளக்கினால் தெரிந்துகொள்வேன்.

ஏப்ரல் 6, இரவு

நான் குயின்ஸில் வசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை நடைக்கு அந்தப் பூங்காவுக்குத்தான் போகிறேன். ஆகவே இந்தக் கேள்வியை எளிதில் கடந்துபோக என்னால் முடியவில்லை.

யோசனை எளியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை வரைந்த கில்மோர் கிளார்க் சிற்பி அல்லர், நிலவனப்புக் கலைஞர். பூங்காக்களையும் சாலையோரத் தோட்டங்களையும் வடிவமைத்தே பெயர் பெற்றவர். 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஒரு மையச் சின்னம் வேண்டும் என்றபோது அவர் வரைந்த படம் இது. விட்டம் 120 அடி. பீடத்தையும் சேர்த்து உயரம் 140 அடி, அதாவது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம். உருண்டையின் எடை மட்டும் சுமார் 7 லட்சம் பவுண்டு. 1963 மார்ச்சில் வேலை தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் முடிந்துவிட்டது.

எளிய யோசனை என்பதாலேயே செய்வதும் எளிது என்று எடுத்துக்கொண்டால் அந்த உருண்டைக்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம். ஒரு பொருள் நகரத்தின் சின்னமாவதற்கும் அதன் யோசனை எவ்வளவு புதியது என்பதற்கும் பெரிய தொடர்பும் இல்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 7

முதலில் கட்டுமானத்தைப் பார்ப்போம். யூனிஸ்பியர் மூடிய பந்து அன்று. தீர்க்கரேகைகளும் அட்சரேகைகளும் வளைந்த எஃகுச் சட்டங்களாக நிற்க, கண்டங்கள் மட்டும் தகடுகளாக அவற்றின்மேல் பொருத்தப்பட்டிருக்கின்றன. கடல் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றிடம். பார்வைக்கு லேசாக இருப்பதற்கு அதுவே காரணம். பொறியாளர்களுக்குத் தலைவலி தந்ததும் அதுவே. பூமியில் நிலம் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. பசிபிக் பக்கம் ஏறக்குறைய முழுவதும் கம்பிக்கூடு. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் இருக்கும் பக்கம் தகட்டின் சுமை. ஆகவே எடை நடுவில் நிற்காமல் ஒருபுறம் சாய்கிறது. போதாததற்கு, மெய்யான பூமியைப் போலவே அச்சையும் 23.5 பாகை சாய்த்திருக்கிறார்கள்.

காற்று இன்னொரு சிக்கல். மூடிய பந்தாக இருந்தால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். இங்கே கடலின் வழியாக உள்ளே நுழையும் காற்று, எதிர்ப்புறத்தில் இருக்கும் கண்டத்தின் குழிந்த உட்புறத்தில் போய் மோதுகிறது. எதிர்க்காற்றில் விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்த விசை எப்படிப்பட்டது என்று தெரியும். எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தால் எந்தச் சட்டத்தில் எவ்வளவு விசை விழும் என்பதைக் கையால் கணக்கிட்டு முடிக்க இயலாமல், அந்தக் காலத்துக் கணிப்பொறிகளின் உதவியை நாடினார்கள். கட்டியது அமெரிக்கன் பிரிட்ஜ் நிறுவனம். அவர்கள் பாலம் கட்டுகிறவர்கள் என்பதை நினைவில் கொண்டால், இது ஏன் அவர்கள் கைக்குப் போனது என்பது புரியும்.

எஃகின் வகை 304எல். நம் சமையலறை எவர்சில்வர் பாத்திரங்களில் நல்ல ரகம் 304. அதிலேயே கரிமத்தைக் குறைத்துச் செய்தது இது. கரிமம் கூடுதலாக இருந்தால் பற்றவைத்த இடத்தை ஒட்டி அரிப்புப் பிடிக்கும். திறந்தவெளியில் மழையிலும் பனியிலும் நிற்கப்போகும் ஒரு பொருளில் எத்தனையோ பற்றுவைப்புகள் இருக்கும்போது இந்தத் தேர்வு முக்கியமானது. அறுபது ஆண்டுகள் கழித்தும் அது வெள்ளையாக நிற்கிறது.

ஏப்ரல் 7, பிற்பகல்

அளவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்ததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் விட்டம் சுமார் 12,740 கிலோமீட்டர். உருண்டையின் விட்டம் ஏறக்குறைய 36.6 மீட்டர். ஆக, அளவுகோல் சுமார் மூன்றரை லட்சத்துக்கு ஒன்று. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் 630 கிலோமீட்டர் என்று கொண்டால், இந்த உருண்டையில் அது கிட்டத்தட்ட ஆறடி. ஓர் ஆள் உயரத்துக்குள் தமிழ்நாடு அடங்கிவிடுகிறது. எவரெஸ்டின் 8.8 கிலோமீட்டர் இதே அளவில் இரண்டரை சென்டிமீட்டர்தான் வரும். கீழே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் மலைகளை மட்டும் மிகைப்படுத்தியிருக்கிறார்கள். தகட்டின்மேல் தகடாக அடுக்கி உயர்த்திய மலைத்தொடர்களைக் கீழிருந்தே படிக்கட்டுகளைப் போலப் பார்க்கலாம். அடுத்த முறை வந்தால் ஆண்டீஸ் மலைத்தொடரை அப்படிப் பாருங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு அடுக்கின் ஓரமும் தனியாகத் தெரியும்.

தீவுகளையும் கவனியுங்கள். கண்டங்கள் பெரிய தகடுகள் என்பதால் பல சட்டங்களில் பிடித்து நிற்கின்றன. தீவுக்கு அந்த வசதி இல்லை. அருகில் ஓடும் ஏதாவது ஒரு ரேகையைப் பற்றிக்கொண்டுதான் அது நிற்க வேண்டும்.

ஏப்ரல் 8

ஒரு சிறு சேர்க்கை. கண்காட்சி நடந்தபோது உலக நாடுகளின் தலைநகரங்கள் இருக்கும் இடங்களில் விளக்குகள் எரிந்தன. அவற்றுடன் தலைநகரம் அல்லாத ஓர் ஊருக்கும் விளக்கு வைத்தார்கள். கனடாவில் மான்ட்ரியாலுக்கு அருகில் மோஹாக் பழங்குடியினர் வாழும் கானவாகே என்னும் ஊர் அது. நியூயார்க்கின் பாலங்களிலும் வானளாவிய கட்டடங்களிலும் உயரத்தில் நின்று எஃகு பூட்டும் வேலையில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டு வந்தவர்கள் மோஹாக் தொழிலாளர்கள். இந்த உருண்டையை எழுப்பியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவர்களுடைய ஊருக்கும் ஒளி கிடைத்தது. விளம்பரப் பொருள் என்று சொல்கிறவர்கள் இந்த விளக்கைப் பற்றியும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 11

விளம்பரம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அது உண்மைதான். யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் எஃகையும் வேலையையும் கொடையாகத் தந்தது. அதற்கு ஈடாக, உருண்டையின் படம் அச்சான நினைவுப் பொருள்களிலெல்லாம் தன் பெயரும் வரும்படி பார்த்துக்கொண்டது. கிளார்க்கின் படத்தை அந்த நிறுவனத்துக்காகச் செப்பம் செய்த பீட்டர் முல்லர்-மங்க் அலுவலகமும் தொழிற்பொருள் வடிவமைப்பில் பெயர் பெற்றது. எல்லோரும் எஃகின் பெருமையைக் காட்ட விரும்பினார்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால், கைவிடப்பட்ட மற்றத் திட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிமென்ட் உற்பத்தியாளர்களின் சங்கம் ஒன்று, கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃபைக் கொண்டு கேலக்சான் என்ற பெயரில், சாய்ந்த தட்டு வடிவத்தில் பெரிய கான்கிரீட் மேடை ஒன்றை முன்மொழிந்தது. கண்காட்சிக் கழகத்தின் தலைவர் ராபர்ட் மோசஸ் அதை ஏற்கவில்லை. ஆக, எது வந்திருந்தாலும் ஏதோ ஒரு தொழிலின் விளம்பரமாகத்தான் வந்திருக்கும். மோசஸ் விரும்பியது யாரும் விளக்கம் கேட்காமலேயே புரிந்துகொள்ளும் ஒரு வடிவம். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய குறைகள் மிகுதி. நெடுஞ்சாலைகளுக்காகக் குடியிருப்புகளை அப்புறப்படுத்தியதில் எத்தனையோ ஏழைகளின் வீடுகள் போயின. அதை மறந்துவிட்டு அவரைப் புகழ என்னால் இயலாது. இந்தத் தேர்வில் மட்டும் அவர் கணித்தது சரியாக இருந்தது. மொழி தெரியாத பாட்டியும் பள்ளிக்குப் போகாத குழந்தையும் இதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்கிறார்கள்.

ஏப்ரல் 12

உருண்டையைச் சுற்றியுள்ள மூன்று வளையங்களும் அளவுகோலின்படி அமைந்தவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பொருந்தாது. விண்வெளி வீரர்கள் யூரி ககாரின், ஜான் கிளென், டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஆகிய மூன்றின் பாதைகளை அவை குறிப்பதாகச் சொல்வார்கள். ககாரின் சுற்றிய பாதையின் மிக உயர்ந்த புள்ளி தரையிலிருந்து சுமார் 327 கிலோமீட்டர். மூன்றரை லட்சத்தில் ஒன்றாகக் குறைத்தால் ஒரு மீட்டர்கூட வராது. வளையங்கள் அதைவிட வெகுவாகத் தள்ளி நிற்கின்றன. நெருக்கமாக வைத்திருந்தால் ரேகைகளோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆகவே தள்ளி வைத்தது நல்லதே.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சோவியத் ஒன்றியம் அந்தக் கண்காட்சியில் பங்கேற்கவில்லை. பனிப்போர் கடுமையாக இருந்த காலம் அது. இருந்தும் அமெரிக்க எஃகில், அமெரிக்க மண்ணில், விண்ணுக்கு முதலில் சென்ற மனிதரின் பாதை என்று மக்கள் சுட்டிக்காட்டும் வளையம் ஒன்று நிற்கிறது.

ஏப்ரல் 19

இந்த உருண்டைக்கு முன்பே அதே இடத்தில் இன்னோர் உருண்டை இருந்தது என்பதை இந்த உரையாடலில் யாரும் குறிப்பிடவில்லை. அந்த நிலத்தின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். இப்போது பூங்காவாக இருக்கும் இடம் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். பிறகு புரூக்ளின் வீடுகளில் எரித்த நிலக்கரியின் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டினார்கள், குன்றுகளாகக் குவிந்தது. 1939ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக அதைச் சமன்படுத்தியவரும் மோசஸ்தான். அந்தக் கண்காட்சியின் சின்னங்கள் இரண்டு: டிரைலான் என்ற 610 அடிக் கூர்ங்கோபுரமும், அதன் அருகில் பெரிஸ்பியர் என்ற 180 அடி விட்டமுள்ள வெள்ளைக் கோளமும். பெரிஸ்பியர் முழுக்க மூடியது. மக்கள் மின்படிக்கட்டில் ஏறி உள்ளே போய், சுழலும் மேடையில் நின்றபடி, எதிர்கால நகரம் ஒன்றின் மாதிரியைக் கீழே பார்த்தார்கள். ஹென்றி டிரேஃபஸ் அதை வடிவமைத்திருந்தார்.

கண்காட்சி முடிந்ததும் இரண்டையும் பிரித்தெடுத்து, அந்த எஃகை ஆயுதம் செய்யக் கொடுத்துவிட்டார்கள். எதிர்கால நகரத்தைச் சுமந்த கோளம் போர்த் தளவாடமாக முடிந்தது. தரைக்குக் கீழே இருந்த அடித்தளம் மட்டும் மிஞ்சியது. சாம்பலும் சேறுமான அந்த மண்ணில் புதிதாகக் கடைக்கால் எடுப்பது பெரும்பாடு என்பதால், யூனிஸ்பியரைப் பெரிஸ்பியரின் அடித்தளத்தின்மேலேயே எழுப்பினார்கள்.

ஏப்ரல் 20

உள்ளே போய்ப் பார்க்க முடிந்த பெரிஸ்பியர்தான் மேலானது என்று ஒருவர் சொல்கிறார். அதன் உள்ளே சுழலும் மேடையில் நின்ற அனுபவம் உயர்ந்ததாகவே இருந்திருக்கும். ஆனால் வெளிப்புறம் எஃகுச் சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை ஒட்டியது. நீண்ட காலம் நிற்பதற்காக அதைச் செய்யவில்லை. உள்ளே நுழைவதற்கு வரிசையும் நேரமும் உண்டு. யூனிஸ்பியருக்கு வாசலே இல்லை, கட்டணமும் இல்லை. அதிகாலையிலும் வரலாம், இரவிலும் வரலாம். ஒரு நகரத்துச் சின்னத்துக்கு இதுவே மேலான குணம் என்று நான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 27

ஒரு வாரமாக ஒரு விஷயம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. இதுவரை நான் எழுதியதைப் படித்தால் கண்காட்சி முழுவதும் நல்லெண்ணமாகவே நடந்ததுபோல் தோன்றும். அதன் முழக்கம் ‘புரிதலின் வழியே அமைதி’. நடந்தது என்ன என்பதையும் எழுத வேண்டும்.

உலகக் கண்காட்சிகளை முறைப்படுத்தும் பன்னாட்டு அமைப்பு இதற்கு அங்கீகாரம் தரவில்லை. விதிகளை மோசஸ் மதிக்கவில்லை என்பது அதன் புகார். ஆகவே பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகளின் அரசுகள் விலகி நின்றன. இந்தியா உட்பட ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் பல அரங்கம் அமைத்தன. 1964 ஏப்ரல் 22, திறப்பு நாள். குளிரும் மழையுமாக இருந்தது. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பேசவந்தார். கறுப்பின மக்களுக்கு வேலையும் குடியிருப்பும் பள்ளியும் மறுக்கப்படுவதை எதிர்த்து, இனச் சமத்துவ அமைப்பினர் கண்காட்சிக்குள்ளேயே மறியல் செய்தார்கள். அந்த அமைப்பின் தலைவர் ஜேம்ஸ் ஃபார்மர் உட்பட நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். அமைதி என்று எழுதிய வாசலில், தம் சொந்த ஊரில் சமமாக வாழ முடியாதவர்கள் காவல் வண்டியில் ஏற்றப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் அந்த உருண்டையின் அழகை மட்டும் பேசுவது முறையாகாது.

உருண்டையில் நாட்டு எல்லைகள் வரையப்படவில்லை. அதை ஒற்றுமையின் அடையாளம் என்று பலர் எழுதுகிறார்கள். எல்லையைத் தகட்டில் வரையாமல் விடுவது எளிது; சட்டத்திலிருந்து எடுப்பதுதான் கடினம். 1964இல் அமெரிக்கச் சட்டத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குடியேற்ற ஒதுக்கீடு இருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்கு ஆண்டுக்கு நூறு பேர். கண்காட்சிக்கு வந்தவர்கள் இந்திய அரங்கத்தைப் பார்த்து மகிழலாம். ஆனால் இந்தியர்கள் அங்கே வந்து குடியேறுவதற்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது.

அந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கிய சட்டத்தில் ஜான்சன், 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் கையெழுத்திட்டார். கண்காட்சி முடிந்தது அக்டோபர் 17. இரண்டு வாரம்தான் இடைவெளி. ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லாத நிகழ்வுகள்தான். ஆனாலும் என் கணிப்பில் யூனிஸ்பியருக்குப் பொருள் வந்தது அந்தச் சட்டத்துக்குப் பிறகே. அரங்கங்களைப் பிரித்து எடுத்துச் சென்றார்கள். உருண்டை மட்டும் அங்கேயே நின்றது. பிறகு அதில் தகடாக இருந்த நாடுகளிலிருந்து மக்கள் வந்து அதைச் சுற்றிக் குடியேறினார்கள். கிழக்கே ஃபிளஷிங்கில் சீனர்களும் கொரியர்களும், மேற்கே கொரோனாவில் ஈக்வடார், மெக்சிகோ, டொமினிக்கன் குடும்பங்களும், இன்னும் சற்றுத் தள்ளி ஜாக்சன் ஹைட்ஸில் வங்காளிகளும் நேபாளிகளும் திபெத்தியர்களும்.

ஏப்ரல் 28

நேற்று எழுதியதன் தொடர்ச்சியாக நம் ஆட்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. பூங்காவிலிருந்து அதிக தூரமில்லாத பவுன் தெருவில் ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானம் இருக்கிறது. 1970இல் சங்கம் அமைத்து, 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் செய்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையானவர் கானாடுகாத்தானில் பிறந்து ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன். கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசைக்கு நிற்கும் வரிசையில் எல்லா நாட்டு முகங்களும் இருக்கும். அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த ஜான் பவுன், பதினேழாம் நூற்றாண்டிலேயே குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டு உரிமைக்காகச் சிறை சென்றவர். அதே ஊர் மக்கள் 1657இல் டச்சு ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பம், அமெரிக்க மண்ணில் மத சுதந்திரத்துக்கு எழுந்த ஆரம்பக் குரல்களில் ஒன்று. உருண்டை நிற்கும் ஊர் எப்படிப்பட்டது என்று காட்டவே இதைச் சொன்னேன்.

ஐ.நா. என்றதும் இன்னொன்று. யூனிஸ்பியருக்கு அடுத்து நிற்கும் குயின்ஸ் அருங்காட்சியகக் கட்டடத்தில்தான் 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது. யுனிசெஃப் தோன்றியதும், பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் 1947 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்ததும் அங்கேதான். இப்போது அதே கட்டடத்தினுள் நியூயார்க் நகரம் முழுவதையும் 1,200இல் ஒன்றாகக் குறைத்துச் செய்த மாதிரி இருக்கிறது. அதுவும் 1964 கண்காட்சிக்குச் செய்ததே. வெளியே சுமார் ஆறாயிரம் மைல் தொலைவிலிருந்து தெரியும் பூமி, உள்ளே ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகத் தெரியும் நகரம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் எப்போதும் வற்புறுத்துவேன்.

மே 5

நேற்று மாலை அங்கே போயிருந்தேன். உருண்டையின் அடியில் உள்ள நீரூற்றுத் தொட்டியில் தண்ணீர் இல்லை. வறண்ட வட்டத் தொட்டிக்குள் பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் கான்கிரீட்டில் உராயும் ஓசையும், லகார்டியா விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களின் இரைச்சலும் மாறி மாறிக் கேட்டன. பதினைந்து வயது நிறைந்த லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருத்தி, பூங்காவின் பாதி அகலத்தை அடைக்கும் நீலப் பாவாடையுடன் படம் எடுத்துக்கொள்ள நின்றாள். அவளுடைய தம்பிகள் பாவாடையின் ஓரம் தரையில் படாமல் இரு பக்கமும் தூக்கிப் பிடித்திருந்தார்கள். படமெடுப்பவர், உருண்டையில் ஈக்வடார் எங்கே என்று தேடி, அது பின்னால் வரும்படி அவளை நகரச் சொல்லிக்கொண்டே இருந்தார். சற்றுத் தள்ளி மாங்காய்த் துண்டுகளில் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் கலந்து விற்கும் அம்மாவிடம் கூட்டம்.

தத்தம் நாடு எங்கே என்று உருண்டையைச் சுற்றி வந்து தேடாதவர்களை நான் அங்கே பார்த்ததில்லை. நானும் அப்படித் தேடியவன்தான். கண்டுபிடித்தவுடன் கையை நீட்டி அருகில் இருப்பவரிடம் காட்டாமல் இருக்க முடிவதில்லை, அவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970களில் நகரமே பணமுடையில் திணறியபோது நீரூற்றுகள் நின்றன, தொட்டியின் சுவர்களில் கிறுக்கினார்கள், பூங்கா கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1993-94இல்தான் உருண்டையைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து, இரவில் ஒளியூட்ட விளக்குகளும் அமைத்தார்கள்.

மே 12

வாசகர் கேட்ட மூலக்கேள்விக்கு நேரான விடை: யூனிஸ்பியர் நகரச் சின்னமாக அறிவிக்கப்பட்டது 1995 மே மாதத்தில். நியூயார்க்கின் சின்னப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1965 ஏப்ரலில். பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த மக்கள் கோபத்தின் விளைவு அது. அந்தச் சட்டப்படி ஒரு கட்டுமானத்துக்கு முப்பது ஆண்டு வயதாகியிருக்க வேண்டும். யூனிஸ்பியர் அந்த வயதைத் தாண்டியதும் நகரத்தின் சின்னப் பாதுகாப்பு ஆணையம் காலம் தாழ்த்தவில்லை. யாருடைய விளம்பரம் என்ற கேள்வியை அந்தச் சட்டம் கேட்பதில்லை. நகரத்தின் வரலாற்றிலும் கட்டடக்கலையிலும் மக்களின் வாழ்விலும் அதற்கு இடம் உண்டா என்பதைத்தான் பார்க்கிறது.

அதே கண்காட்சிக்காகக் கட்டி, எதிரே நிற்கும் நியூயார்க் மாநில அரங்கத்துக்கு இந்தப் பேறு கிடைக்கவில்லை. கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்தது. நூறடித் தூண்கள் பதினாறு, அவற்றின்மேல் வண்ணக் கண்ணாடியிழைக் கூரை, தரையில் டெக்சாக்கோ எண்ணெய் நிறுவனத்தின் மாநிலச் சாலை வரைபடம் முழுவதும் டெராசோ என்னும் கற்சில்லு ஓடுகளால் பதித்திருந்தது. பராமரிப்பு இல்லாமல் 1976இல் கூரைப் பலகைகளை அகற்றினார்கள். அதன் பிறகு மழையும் பனியும் நேரே விழுந்து வரைபடம் சிதைந்தது. அதுவும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம்தான், ஆனால் மக்கள் தங்கள் ஊரைத் தேடிக் குனிந்து பார்த்த தரை. அதை இழந்ததில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. 2009இல் அரங்கம் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. நகரமும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மே 19

மற்ற ஊர்களின் உலக உருண்டைகள் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்வானேஜ் கடற்கரையில் 1887இல் வைத்த போர்ட்லாண்ட் கல் உருண்டை, பத்தடி விட்டம், நாற்பது டன், இன்றும் இருக்கிறது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் ஜேம்ஸ் வைல்டு 1851இல் கட்டியது அறுபதடி. உட்சுவரில் உலகத்தை வரைந்து, உள்ளே நின்று பார்க்கும்படி செய்திருந்தார். குத்தகை முடிந்து 1862இல் இடித்துவிட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாப்சன் கல்லூரியில் 1955இல் நிறுவிய 28 அடி உருண்டை சுழலக்கூடியது. பராமரிப்பு இல்லாமல் வரைபடப் பலகைகள் உதிர்ந்து, இடித்துவிடலாம் என்றே நிர்வாகம் முடிவு செய்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்ததால் தப்பி, 1993இல் புதுப்பிக்கப்பட்டது.

இவற்றை அடுக்கிப் பார்க்கும்போது, கல்லும் 304எல் எஃகும் காலத்தைத் தாங்கின. பலகையும் பூச்சும் தாங்கவில்லை. அதே அளவுக்கு முக்கியமானது, உருண்டையைச் சுற்றி அதற்காகக் குரல் கொடுக்க ஆட்கள் இருந்தார்களா என்பது. வைல்டின் உருண்டைக்கு அப்படி யாரும் இல்லை.

ஜூன் 3

இவ்வளவும் இடத்தின் சிறப்பே தவிர, சிற்பத்தின் சிறப்பு அன்று என்கிறார் முதலில் கேட்ட வாசகர். இதே உருண்டை மன்ஹாட்டனில் நின்றிருந்தால் இப்படிப் பேசுவீர்களா என்றும் அவர் திரும்ப எழுதியிருக்கிறார். பேசமாட்டேன். மன்ஹாட்டனில் அதைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள் நெருக்கியிருக்கும். இங்கே சமவெளியான பூங்காவில், நாலாபுறமும் நீண்ட பாதைகளின் முடிவில், நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கும் விமானத்தில் இறங்குகிறவர்களுக்கும் தெரியும்படி நிற்கிறது. கிளார்க் நிலவனப்புக் கலைஞர் என்று முதல் நாளே சொன்னேன். இடத்தையும் பொருளையும் பிரித்துப் பார்ப்பது அவருடைய தொழிலில் இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டியின் நீரூற்றுகள் வெறும் அலங்காரமாக வைத்தவை அல்ல. எழும் நீர் மூன்று கால் பீடத்தை மறைத்து, உருண்டை அந்தரத்தில் மிதப்பதுபோல் காட்டுவதற்காக அமைத்தவை. 1995ஆம் ஆண்டு அறிவிப்பும் உருண்டையோடு தொட்டியையும் ஊற்றுகளையும் சேர்த்தே பாதுகாக்கிறது. வறண்ட தொட்டியில் ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான். அவர்களுக்குக் குளிர்காலமும் இளவேனிலும் இருக்கட்டும். கோடை முழுவதும் ஊற்றுகள் ஓடவேண்டும். குழாய் பழுது, பணமில்லை என்று ஒரு கோடையையும் விட்டுவிடக் கூடாது. குயின்ஸில் இருக்கும் நம்மவர்கள் தங்கள் நகரமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்கலாம். நான் கேட்டு எழுதியிருக்கிறேன்.